விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: திரையில் தெரிவதை வைத்துச் சரிசெய்வது

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து ஒரே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது, லினக்ஸ் போடலாமா? ஆனால் டேலி கணக்கும், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போடலாம். இரண்டும் ஒரே டிஸ்கில் குடித்தனம் நடத்தும். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்களிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்துதானே வந்தன.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தது ஒன்று. கறுப்புத் திரை, நீலத் திரை, புரியாத ஆங்கில வரி என்று பயமுறுத்துகிற எதனாலும் டேட்டா போனதில்லை. அழகான சின்னப் பெட்டியில் மரியாதையாக ஒரு கேள்வி வரும், அதற்கு 'ஓகே' கொடுத்தபோதுதான் போயிருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் என்ன செய்யலாம் என்பதோடு, எந்தப் பட்டனைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. அந்த டிஸ்கை வேறொரு மெஷினில் செருகி, ஒரு போட்டோ, ஒரு எக்செல், ஒரு டேலி கம்பெனி என்று மூன்றையாவது திறந்து பாருங்கள். 'பேக்கப் இருக்கு' என்று சொல்லிக் கொண்டுவந்த டிஸ்கில் வெறும் ஷார்ட்கட்கள் மட்டும் இருந்ததை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்கச் சாவி ஒன்று இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை.

அப்புறம் கரன்ட். இந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்தால் கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லேப்டாப் என்றால் முழுக்க சார்ஜ் போட்டு, அடாப்டரும் செருகியே வையுங்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் மழை நாளில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை, தொடவே தொடாதீர்கள். என் சொந்த மெஷினில் ஒரு நவம்பர் மாலை, விண்டோஸ் பார்ட்டிஷனின் ஆரம்பத்தையே நகர்த்தும் வேலையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த வேலை முடிய மூன்று மணி நேரம் ஆகும் என்று காட்டியது. நாற்பதாவது நிமிடம் கரன்ட் போனது. நகல் இருந்ததால் பிழைத்தேன். பார்ட்டிஷனைச் சுருக்குவதாக இருந்தால் அதன் வாலைச் சுருக்குங்கள், தலையை நகர்த்தாதீர்கள். முன்னது நிமிடங்களில் முடியும். பின்னதில் மொத்த டேட்டாவும் இடம் மாற வேண்டும்.

டிஸ்கில் இடம் நிறைய இருக்கிறது, ஆனால் சுருக்க விடவில்லை

டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால், 200 ஜிபி காலியாக இருந்தும் 4 ஜிபிதான் தருவேன் என்கிறது. காரணம், இடம் இல்லாதது அல்ல. பார்ட்டிஷனின் நடுவில் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஹைபர்னேஷன் (நினைவகத்தை டிஸ்கில் சேமித்துவிட்டுத் தூங்குவது) ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் நகல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மூன்றையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' கொடுத்தால் ஹைபர்னேஷன் போய்விடும். விர்ச்சுவல் மெமரியில் 'நோ பேஜிங் ஃபைல்' தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை அணைத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்து மறுபடி சுருக்கிப் பாருங்கள், இப்போது வழிவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ப்ரொடெக்‌ஷனையும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஹைபர்னேஷன் அணைந்தே இருக்கட்டும். ஏன் என்று பின்னால் வரும்.

அளவை எம்பி கணக்கில் கேட்கும். 50 ஜிபி வேண்டுமென்றால் 51200. கிடைத்த காலியிடத்தை 'அன்அலோகேட்டட்' என்றே விட்டுவிடுங்கள். அதில் புதிய டிரைவ் உருவாக்க வேண்டாம். பழைய எம்பிஆர் டிஸ்கில் நான்கு பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்து ஐந்தாவதை உருவாக்கப் போனால், 'டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா' என்று விண்டோஸ் கேட்கும். நான் சொன்ன மரியாதையான கேள்விகளில் இதுதான் முதலாவது. 'நோ' கொடுங்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த டிஸ்கில் வேலை செய்யாது, பழையபடி திருப்புவதும் பெரிய தலைவலி.

பென்டிரைவ் செருகியும் நேராக விண்டோஸே வருகிறது

லினக்ஸ் நிறுவும் பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் அதைப் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும்.

மெனு வந்தும் பென்டிரைவ் பாதியில் நின்றால் பென்டிரைவில் ஏற்றிய ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது நீங்கள் டவுன்லோடு செய்த லினக்ஸை, சந்தேகப்படுங்கள். மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது போன் ஹாட்ஸ்பாட்டில் 3 ஜிபி இறக்கினால் நடுவே எங்கேயாவது அறுபட்டிருக்கும். டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு (ஃபைலின் கைரேகை மாதிரி) உங்கள் ஃபைலின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். டாரன்ட் வழியாக இறக்கினால் துண்டு துண்டாகச் சரிபார்த்தே இறங்கும், அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகள் வார இறுதியில் ஊருக்கு வரும்போது பென்டிரைவில் கொண்டுவரச் சொல்வதும் உண்டு. என் கடையில் நடைமுறை அதுதான்.

இன்ஸ்டாலரில் ஹார்ட் டிஸ்கே தெரியவில்லை

பென்டிரைவ் மட்டும் தெரிகிறது, உள்ளிருக்கும் எஸ்எஸ்டி தெரியவில்லை. டிஸ்க் செத்துவிட்டதோ என்று பயம் வரும். சாகவில்லை. பயாஸில் ஸ்டோரேஜ் 'ஆர்எஸ்டி' அல்லது 'விஎம்டி' முறையில் இருக்கிறது. அதை 'ஏஹெச்சிஐ'க்கு மாற்ற வேண்டும்.

ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கும். அப்படி ஆகிவிட்டதா? பதற வேண்டாம். பயாஸில் பழைய நிலைக்கே திருப்புங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள். விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் வருவதற்குள் பயாஸில் நுழைந்து ஏஹெச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் எழும்பி, தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் சில சமயம் எடுபடாது, கணக்கின் பாஸ்வேர்ட் ஞாபகத்தில் இருக்க வேண்டும். பிட்லாக்கர் சாவியும் கையில் இருக்கட்டும்.

'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற வாய்ப்பு வரவில்லை

'டிஸ்கை அழித்து நிறுவு' மட்டும்தான் தெரிகிறது. 'வேற வழியில்லை போல' என்று அதை அழுத்தியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அது தரும் காலியிடம் உங்கள் மொத்த டிஸ்க். இன்ஸ்டாலரை மூடுங்கள்.

பெரும்பாலும் பூட் முறைதான் பொருந்தியிருக்காது. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கிறதா, லெகசி (பழைய முறை) என்று இருக்கிறதா பாருங்கள். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரியும். விண்டோஸ் எந்த முறையோ அதையே தேர்ந்தெடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பிட்லாக்கர் இருக்கலாம், அல்லது விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆகாமல் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இன்ஸ்டாலரின் 'சம்திங் எல்ஸ்' வழியாகக் கையால் பிரிப்பவர்களுக்கு: யுஇஎஃப்ஐ மெஷினில் 100 எம்பி அளவில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள், ஃபார்மட் டிக் மட்டும் போடாதீர்கள். விண்டோஸின் வாசற்படியும் அதற்குள்தான் இருக்கிறது.

நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது

செக்யூர் பூட்டையோ (கையொப்பமிட்ட பூட் ஃபைல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) பூட் வரிசையையோ மாற்றியதும் பிட்லாக்கருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். டேட்டா உள்ளே பத்திரமாக இருக்கிறது. எழுதி வைத்த சாவியை அடியுங்கள். எழுதி வைக்கவில்லையென்றால் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணோடு பொருந்துகிற சாவியை எடுங்கள். அதுவும் கிடைக்கவில்லையா? பயாஸில் மாற்றியதை எல்லாம் பழையபடி வையுங்கள், பல நேரம் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்த அண்ணன் பையனோ, விற்ற கடைக்காரரோ தன் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார். சாவி அங்கே கிடக்கும். 'ரீசெட் திஸ் பிசி' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

நிறுவி முடித்தும் லினக்ஸ் வரவில்லை

பயாஸின் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறது. 'உபுண்டு' என்ற வரியை மேலே ஏற்றுங்கள். லினக்ஸ் மின்ட் நிறுவியிருந்தாலும் அங்கே உபுண்டு என்றே தெரியலாம், குழம்ப வேண்டாம்.

லினக்ஸ் வருகிறது, விண்டோஸ் மெனுவில் இல்லை

விண்டோஸ் போய்விட்டது என்று இதற்காகக் கண் கலங்கி வந்தவர்கள் உண்டு. முதலில் லினக்ஸின் ஃபைல் மேனேஜரைத் திறந்து காட்டுவேன். இடது பக்கம் அவர்களுடைய சி டிரைவ் போட்டோக்களோடு அப்படியே இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் காட்டுவது கிரப். அதன் 2.06 பதிப்பிலிருந்து பிற சிஸ்டங்களைத் தேடும் 'ஓஎஸ்-ப்ரோபர்' இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. 'இடிசி/டிஃபால்ட்/கிரப்' ஃபைலில் 'கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அந்தப் பெயரில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, எல்லாம் பெரிய எழுத்து. பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்'. விண்டோஸ் வரி வந்து நிற்கும்.

கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ'

இது பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கு வரும். கிரப்பின் ஒரு பாதி இருக்கிறது, மறு பாதியைக் காணோம் என்று அது நிற்கிறது. யுஇஎஃப்ஐ மெஷின் என்றால் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. லெகசி என்றால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் 'ரிப்பேர்' வழியாகக் கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போய் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்'. லினக்ஸ் இன்னும் இருக்கிறது, கிரப் மட்டும் கெட்டது என்றால் லினக்ஸ் பென்டிரைவில் லைவாக, அதாவது நிறுவாமலே, தொடங்கி, 'பூட் ரிப்பேர்' கருவியை நிறுவி ஓட்டுங்கள்.

'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி அணைந்துவிடுகிறது

'எஸ்பாட்' என்ற சொல்லும் சேர்ந்து வரும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் பல இரட்டை பூட் மெஷின்களில் இது வந்தது. பழைய, ஓட்டையுள்ள லினக்ஸ் பூட் ஃபைல்களைத் தடுக்கத்தான் அந்த அப்டேட். இரட்டை பூட் மெஷின்களும் மாட்டிக்கொண்டன. பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். லினக்ஸில் நுழைந்து எல்லா அப்டேட்டும் போடுங்கள், புதிய ஷிம் (செக்யூர் பூட் சரிபார்க்கும் லினக்ஸ் பூட் ஃபைல்) வந்துவிடும். பிறகு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யலாம். பிட்லாக்கர் உள்ளவர்கள் சாவி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கிறது

இந்தப் பட்டியலில் எனக்குப் பயம் இதைப் பார்த்துத்தான். அரவேனு பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் ஒரு அண்ணன், சிபியுவைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார்.

"தம்பி, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. நல்லதுக்குத்தானே கேக்குதுன்னு ஓகே குடுத்துட்டேன்."

"எந்த டிரைவ்ண்ணா?"

"ஏதோ ஈ-ன்னு போட்டிருந்துச்சு. அதுல ஒண்ணுமே இல்லையே, திறக்கக்கூட மாட்டேங்குது?"

அந்த ஈ டிரைவ்தான் மகளுடைய லினக்ஸ். கல்லூரி ப்ராஜெக்ட், வீட்டு விசேஷப் போட்டோ எல்லாம் அதில்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. சில டிஸ்குகளில் அதற்கும் ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிட்டு, படிக்க முடியாததால் காலி டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. 'கேன்சல்' கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷன் மேல் வலது க்ளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய் எழுத்தை நீக்கிவிடுங்கள். இனிமேல் கேட்காது.

ஏற்கெனவே ஓகே கொடுத்துவிட்டீர்களா? அந்த மெஷினை உடனே அணையுங்கள். மேற்கொண்டு எதையும் எழுதவிடாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். லினக்ஸ் பென்டிரைவில் லைவாகத் தொடங்கி, 'டெஸ்ட்டிஸ்க்' என்ற மீட்புக் கருவியில் பழைய பார்ட்டிஷன் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் 'ஃபோட்டோரெக்'. அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல், டிஸ்கைத் துளாவி ஒவ்வொரு ஃபைலின் தலைப்பகுதியையும் அடையாளம் கண்டு எடுக்கும். எடுப்பதை வேறொரு டிஸ்கில்தான் போட வேண்டும். அண்ணனுடையது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், குயிக் ஃபார்மட். அதனால் பெரும்பகுதி வந்தது. ஆனால் பெயர் ஒன்றும் இல்லை. எல்லாம் எஃப் எழுத்தும் நீண்ட எண்ணும்தான். மகள் இரண்டு சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, வர்க்கியைக் கடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தாள். ப்ராஜெக்ட் அறிக்கையின் பழைய வரைவு ஒன்றுதான் கிடைத்தது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. ஃபார்மட் கொடுத்ததும் 'டிரிம்' கட்டளை போய், அது உள்ளே துடைத்துக்கொண்டுவிடும்.

லினக்ஸில் விண்டோஸ் டிரைவைப் படிக்க மட்டும் முடிகிறது

ஹைபர்னேஷனை அணைத்தே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். தூங்குகிறவனின் பெட்டியைத் திறந்து சாமானை மாற்றக்கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. அது செய்வதுதான் சரி. வற்புறுத்தித் திறக்கும் வழிகள் உண்டு, அவற்றைத் தேடாதீர்கள். விண்டோஸுக்குப் போய் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள். அவசரத்துக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது

மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நம் ஊருக்கு வித்தியாசம் சரியாக 5:30. கொழுந்து வாங்கும் ஒருவருடைய கணினியில் இது யாரும் கவனிக்காமல் ஒரு வாரம் ஓடியது. காலை 11 மணிக்கு எடை போட்ட பச்சைத் தேயிலைக்கு ரசீதில் 5:30 என்று அச்சாகியிருந்தது. அந்த நேரத்துக்குத் தோட்டத்தில் காட்டெருமைதான் நிற்கும் என்று ஒரு விவசாயி கேட்ட பிறகுதான் மெஷின் என்னிடம் வந்தது.

லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஒரு வரி கொடுத்தால் போதும். வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாக இல்லாமல், தேதியே பல வருடம் பின்னால் போய் வங்கித் தளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் அது இரட்டை பூட்டின் கோளாறே கிடையாது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் மதர்போர்டில் சிஆர்2032 என்ற நாணய பேட்டரி இருக்கும், அதை மாற்றுங்கள். மாற்றியதும் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கலாம். ஏஹெச்சிஐயும் பூட் வரிசையும் நீங்கள் வைத்தபடி இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.